யாரும் வாங்காத சிம்

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே என்னுடைய ரீசார்ஜ் கடை. என் பெயர் அரசப்பன். பதினாறு வருஷமாக சிம் விற்கிறேன். எந்தத் தெருவில் எந்தக் கம்பெனிக்கு டவர் நன்றாகக் கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரோடுதான் இருந்தேன், ஒரு சனிக்கிழமை சாராள் வந்து கடையில் நிற்கும்வரை.

"மூணு கம்பெனிலயும் ஒண்ணொண்ணு குடுணா."

"எத்தினி போன்மா வச்சினுகீற?"

"போனுக்கு இல்லணா, இதுக்கு."

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கவிழ்த்து வைத்த சோற்றுக் குண்டான் மாதிரி ஒரு வெள்ளைக் கருவி. அடியில் ஒரு மூடி, மூடிக்குள் சிம் போட ஒரு சந்து. பேசாது, பாட்டுப் பாடாது, அதற்கு எதற்கு சிம்? எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. கேட்டேன்.

நிலம் அளக்கிற ஜிஎன்எஸ்எஸ் கருவியாம். நாம் நிற்கும் இடத்தை சேட்டிலைட்டை வைத்துச் சொல்லும். ஆனால் அது மட்டும் போதாது, சில அடி தப்பும். எவ்வளவு தப்புகிறது என்ற திருத்தக் கணக்கு இன்டர்நெட்டில் நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்க வேண்டும். வந்தால் விரல் அகலம்கூடப் பிசகாது, திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். நின்றுபோனால் 'ஃப்ளோட்'. அப்போது அது காட்டும் இடத்தை நம்பவே கூடாது.

"அப்போ நெறைய டேட்டா குடிக்குமே?"

"இல்லணா. ஒரு நாள் பூரா ஓடுனாலும் நீ பாக்குற நாலு வீடியோ அளவுகூட வராது. கொஞ்சந்தான் வேணும், ஆனா நிக்காம வரணும்."

சாராளின் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். அம்மா தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். இவள் ஐடிஐயில் சர்வே படித்துவிட்டு, கோபால் என்பவரின் சர்வே ஆபீஸில் மூன்று வருஷம் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். இப்போதுதான் முதன்முதலாகக் கருவியைக் கையில் கொடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை வேலை. ஒரு பேக்டரி புதிதாகக் காம்பவுண்டு சுவர் கட்டுகிறது. அதன் எல்லைக்கு வரைபடத்தில் உள்ள அளவுப்படி முளை அடிக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டித்தான் கங்கம்மாவின் வீடு. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி சுட்டு விற்கும் அந்த அம்மாவின் அடுப்படி எல்லையில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டடி பிசகினால் அடுப்படி போச்சு, பிழைப்பும் போச்சு.

"இதுக்கு இன்னாத்துக்கு மூணு? எல்லாரும் வாங்குறத வாங்கு. அந்தப் பக்கம் டவர் ஃபுல்லு. மூணாவது கம்பெனிய யாரும் சீண்டறதே இல்ல, என் டிராயர்ல தூங்கினுகீது," என்றேன். நானாகவா சொன்னேன், பதினாறு வருஷத் திமிர் சொன்னது.

அவள் சிரித்தாளே தவிர மூன்றையும் வாங்கினாள். குட்டி சிம் அந்தச் சந்தில் நிற்காது என்று பிளாஸ்டிக் சட்டத்தையும் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்விட்டு, அதே வெள்ளைப் புடவையோடு அந்த இடத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். என் பேச்சுதான் ஜெயித்தது. எல்லாரும் வாங்குகிற சிம்மில் டவர் ஃபுல், ஒரு தடவைகூட அறுபடவில்லை. இரண்டாவதில் டவரே எடுக்கவில்லை. மூன்றாவதில் டவர் பாதிகூட இல்லை. போனில் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேடிக்கையைப் பார்க்காமல் விடுவேனா? திங்கட்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி. ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. பள்ளம் தோண்டுவதற்காகத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு நேராக வந்து கங்கம்மாவின் அடுப்படிக்குள் நுழைந்து மறுபக்கம் போயிருந்தது. அடுப்பின்மேல் இட்லிக் குண்டான் இன்னும் இறக்கப்படவில்லை. கங்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கருவியின் திரையில் 'ஃப்ளோட்' என்று இருந்தது. இந்த சிம்மைத் தலையில் கட்டியவன் நான்தானே!

சாராள் கடைசி முளையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "இது ஃப்ளோட்ல அடிச்சது சார். நான் சரிபாக்குறதுக்கு முன்னாடியே உங்க ஆளு கோடு போட்டுட்டாரு. நான் ஒத்துக்க மாட்டேன்."

சைட் இன்ஜினியர் வரத், திருவள்ளூர்க்காரர். "மேடம், ஜேசிபிக்கு மணிக்கணக்குல வாடகை. மெஷின் ஒரு இடத்த காட்டுது இல்ல? அதான் எல்லை."

"என் போன்ல ஹாட்ஸ்பாட் போடட்டா?" என்றேன்.

"அதுவும் இதே கம்பெனிதானணா."

ஞாயிற்றுக்கிழமை தங்கம் மாதிரி வேலை செய்த சிம் இன்று ஏன் மக்கர் பண்ண வேண்டும்? டவர் இப்போதும் ஃபுல்லாகத்தான் காட்டியது. சாராள் பேக்டரி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷிப்டு விட்டிருந்தது. ஆயிரம் பேராவது இருக்கும், பஸ்ஸுக்கு நின்றவர்களின் கையிலெல்லாம் போன். ஒருத்தன் வீடியோ கால், ஒருத்தன் கிரிக்கெட்.

"ணா, இவங்கல்லாம் யார்கிட்ட சிம் வாங்குனாங்க?"

"எங்கிட்டதான், வேற யார்கிட்ட?"

"நேத்து பேக்டரி லீவுணா."

அட என் மடத்தனமே! காலி ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, திருவிழாவன்று கிளம்பியிருக்கிறோம். டவர் கிட்டத்தில்தான் இருக்கிறது, உள்ளே நுழைய இடம்தான் இல்லை.

அவள் பையிலிருந்த பைபிளின் உறைக்குள்ளிருந்து, நேற்றுச் செருகி வைத்த மூன்றாவது சிம்மை எடுத்தாள். மாட்டினாள். செட்டிங்கில் அந்தக் கம்பெனியின் இன்டர்நெட் பெயரை அடித்தாள். கருவியைக் கம்பத்தில் பொருத்தினாள். டவர் பாதிகூட இல்லை. ஆனால் அதில் நெரிசலும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். 'ஃபிக்ஸ்'.

அப்போதும் அவள் முளை அடிக்கவில்லை. அறுபது தப்படி தள்ளி இருந்த அரசாங்க சர்வே கல்லுக்கு வரத்தைக் கூட்டிப்போய், கம்பத்தை அதன் தலையில் வைத்தாள். வரைபடத்து எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்று. பழைய சிம்மை மறுபடி போட்டுக் காட்டினாள். கல் இருக்கும் இடத்திலேயே கல் இல்லை, இரண்டடி தள்ளி இருக்கிறது என்றது கருவி.

வரத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி மேடம், கோட்டை அழிக்கச் சொல்றேன்."

புது முளைகள் வந்தன. எல்லை அடுப்படிச் சுவருக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனது. ஆனால் கங்கம்மாவின் துணி துவைக்கிற கல் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. சாராளின் முகம் விழுந்துவிட்டது.

"கங்கம்மாக்கா, கல்லு அவங்க எடத்துல வருது. இதுதான் சரியான அளவு. நான் மாத்தி சொல்ல முடியாது."

கங்கம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "அதுக்கு ஏண்டி மூஞ்ச தொங்கப் போட்டுனுகீற? கல்ல தூக்கினு வந்துடலாம். அடுப்ப எப்டிடீ தூக்குறது?" பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னா நைனா நிக்குற, வந்து ஒரு கை புடி."

பிடித்தேன். மறுபக்கத்தைச் சாராள் பிடித்தாள்.