மஞ்சள் சொண்டுக் காகம்

அண்ணா! கேட்குதோ, அண்ணா?

உன்னைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. உன் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுதான் முதல்முறை கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயரைக் கண்டால் எங்கள் சனம் எந்த ஊர், யாருடைய மகன் என்று தொடங்கிவிடும்.

எனக்குப் படிப்பு 2009இல், ஊரில் யுத்தத்தோடு நின்றது. எங்கள் வகுப்பறையில் காயக்காரரைக் கிடத்தினார்கள், அதோடு சரி. அதனால் இதில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

நீ இந்த வெள்ளைக்கார நாட்டில், ஷ்லீரன் என்ற ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றபோது விழுந்தாய். இதயம் என்றார்கள். விழுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் கிரவுபுண்டன் மலைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பதிந்திருந்தாய். ஒரு கிழமை, ஏழு நாளும் வழிகாட்டியோடு நடை. "இவ்வளவு வருஷம் இந்த நாட்டிலை இருந்திட்டு மலையைக் கலண்டரிலை பாக்கிறதோடி?" என்று கேட்டு எனக்குச் சப்பாத்தும் வாங்கித் தந்தாய். அது காலைக் கடித்தது. உனக்குச் சொல்லவில்லை.

நீ போன முப்பத்தோராம் நாள், எங்களோடு இருக்கும் மாமி சமைத்தாள். படையலில் பூசணிக்காய். நீ வாயில் வைக்காத பூசணிக்காய்! "அண்ணா இதைத் தின்னமாட்டான் மாமி" என்றேன். "செத்தவைக்கு எல்லாம் ஒண்டுதான்" என்றாள். வாழை இலை வாங்கியும் அதன்மேல் பூசணிக்காய்தான். பல்கணியில் வைத்துவிட்டுக் காகத்துக்குக் காத்திருந்தோம். எதிர்வீட்டு முகட்டில் காகங்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை. சோறு காய்ந்தது. கீழ்வீட்டுக்காரி மேலே வந்து பறவைக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று கத்திவிட்டுப் போனாள்.

மாமி என்னைத்தான் பார்த்தாள். "காகம் தொடேல்லை. பெடியனுக்கு உன்னிலை ஏதோ மனக்குறை. நீதானே மலை மலையெண்டு துள்ளினனி?"

நான் துள்ளினேனா அண்ணா? நீயல்லவா துள்ளினாய்?

அந்த ஒரு சொல் என்னைத் தின்றது. வேலைக்குப் போனாலும் அதுதான், குளித்தாலும் அதுதான். உனக்கு என்னில் குறையோ? வேறு யாரிடம் கேட்பது? அதனால் போனேன். நீ போக ஆசைப்பட்ட இடத்தில் உனக்குச் சோறு வைத்துப் பார்ப்பது என்று போனேன். "செத்தவீடு நடந்து வருஷம் திரும்பாமல் மலை ஏறக்கூடாது" என்று மாமி குறுக்கே நின்றாள். "இது முருகன்ர மலையோ மாமி? மாடு மேயிற மலை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வழிகாட்டி நரைத்த தாடிக்காரன். ஊருக்கு ஊர் எங்களை நிறுத்திப் பாடம் நடத்தினான். இந்த மலையில் மூன்று மொழி, ஜெர்மன், ரொமான்ஷ், இத்தாலியன், மூன்றும் சண்டையில்லாமல் வாழ்கின்றன என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினான். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொழிக்காக என்ன நடக்கும் என்று எனக்கு அவன் விரல் மடக்கிக் காட்டத் தேவையில்லை.

நாங்கள் படுத்த மலை விடுதியின் குசினியில் யார் நின்றது தெரியுமோ? எங்கள் ஆள். தட்டை வைக்கப் போன என்னைக் கண்டதும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"தங்கச்சி தமிழோ? வெள்ளைக்காரரோட நடக்க வந்தனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம் அண்ணை, விசர்தான்."

"அந்தத் தாடி வெளியிலை மூண்டு மொழியெண்டு சொல்லுவான். உள்ளுக்கு வந்தா பருப்பு இருக்கோ எண்டு கேப்பான்."

அன்றைக்குத்தான் நீ போன பிறகு முதல்முறை சிரித்தேன். சிரித்ததும் என்மேல் கோபம் வந்தது. அவரிடம் உன்னைப் பற்றியும் அந்தப் பூசணிக்காயைப் பற்றியும் சொன்னேன். காலையில் ஒரு பொதி தந்தார். சோறு, முட்டைப் பொரியல், சீனிச்சம்பல். "பூசணிக்காய் வைக்கேல்லை" என்றார்.

கணவாய் உச்சியில் எல்லோரும் பாணும் சீஸும் தின்றுகொண்டு இருந்தார்கள். நான் தள்ளிப் போய் ஒரு தட்டைக் கல்லில் பொதியைப் பிரித்தேன். கா, கா என்று கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். பின்னால் பேச்சு நின்றது தெரிந்தது. நிற்கட்டும்.

கறுப்பாக ஒன்று கீழேயிருந்து காற்றில் ஏறி வந்தது. பிறகு இன்னொன்று. காகம்தான், ஆனால் கொத்துகிற சொண்டு மஞ்சள், கால் சிவப்பு. முதலாவது அவசரமில்லாமல் கல்லில் இறங்கி, தலையைச் சரித்து என்னைப் பார்த்து, முட்டையைக் கொத்தித் தூக்கியது. நீ சட்டியில் இருக்கும்போதே முட்டையை மட்டும் களவாக எடுப்பாயே, அப்படியே.

அப்போதுதான் வழிகாட்டி கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தான். பறவைகள் எழும்பிப் போயின.

"இங்கே காட்டு விலங்குகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது. முதல் நாளே சொன்னேனே!" குனிந்து சோற்றை ஒரு குப்பைப் பையில் அள்ளத் தொடங்கினான்.

நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினேன். "தொடாதே! அது என் அண்ணாவின் சோறு. அண்ணா செத்துவிட்டான். அவன் இன்னும் தின்று முடியவில்லை!"

அவன் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டு, மிச்சச் சோற்றையும் அள்ளிப் பையைக் கட்டினான். மன்னிப்பும் சட்டம், பையும் சட்டம்.

அதையாவது பொறுத்திருப்பேன். அடுத்த ஊர்ச் சேர்ச் வாசலில் மறுபடியும் விரலை மடக்கினான். இன்று மலையில் நான்காவது கலாசாரம் ஒன்றையும் பார்த்தோம், இறந்தவர்கள் பறவையாக வருவார்கள் என்ற அழகான நம்பிக்கை என்று சொல்லி என் பக்கம் கையைக் காட்டினான். ஒரு பெண் கைதட்டப் பார்த்தாள். அண்ணா, நீ கலாசாரமில்லை. நீ என் அண்ணா. சட்டி கழுவிக்கொண்டு செத்த என் அண்ணா. "என் அண்ணாவை உன் விரலில் எண்ணாதே" என்று அவனுக்குச் சொன்னேன். பிறகு வழி முழுக்க அவன் என்னோடு கதைக்கவில்லை. நல்லது.

விடுதிக்கு வந்ததும், இரவு வரை பொறுக்காமல் மாமிக்குப் போன் எடுத்தேன்.

"மாமி, அண்ணா சாப்பிட்டான். காகம் வந்தது."

"எந்தக் காகம்?"

"இங்கத்தைக் காகம். மஞ்சள் சொண்டு."

"மஞ்சள் சொண்டோ? அது காகமில்லைப் பிள்ளை. அது என்னவோ வெள்ளைக்காரன்ர குருவி. அது திண்டாக் கணக்கில்லை."

போனைக் கட்டிலில் எறிந்தேன். இங்கே தாடிக்காரன் பறவைக்குச் சட்டம் வைத்திருக்கிறான், அங்கே மாமி பறவைக்கு நிறம் பார்க்கிறாள். நீ தின்றதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பறவை பயப்படவில்லை, குறையோடு வந்தது போலவும் இல்லை. பசியோடு வந்தது. ஆனால் ஒரு துண்டு முட்டைதான் தின்றாய். மிச்சத்தை அவன் பறித்துவிட்டான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமி மறுபடியும் பல்கணியில் வைக்கச் சொல்கிறாள். நான் மாட்டேன். வருஷம் திரும்பும்போது அந்தக் கல்லுக்கே போவேன், வழிகாட்டி இல்லாமல்.

இதை வாசிக்கிறவர்களே, கோயிலுக்குப் போகிறவர்களோ சேர்ச்சுக்குப் போகிறவர்களோ, எனக்கு ஒன்றுதான். பெயரும் ஊரும் கேட்காதீர்கள். ஷ்லீரனில் சட்டி கழுவிய ஒரு பெடியன், வயிறாரத் தின்னாமல் போய்விட்டான். அவன் போன இடத்தில் அவனைக் கைதட்டிக் கலைக்க யாரும் இருக்கக்கூடாது என்று, இன்றைக்கு நீங்கள் எல்லோரும் அவனுக்காக ஒருமுறை மன்றாடுங்கள்.