பூரணத்துக்கு ஒரு கோட்டு

உதட்டில் குண்டூசி இருக்கும்போது டெய்லர் சகாதேவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பதில் வரும், பதிலோடு குண்டூசியும் வரும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் போகிற வழியில், சைக்கிள் கடைக்கும் இட்லிக் கடைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிறது அவர் கடை. வெள்ளைக்காரர்களுக்கு ஜிப்பா, உள்ளூர்ப் பெண்களுக்கு ஜாக்கெட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபாரம் எல்லாம் தைப்பார். இஞ்சு டேப் எந்நேரமும் கழுத்தில் மாலையாகத் தொங்கும். ஆனால் அதை எடுத்து அவர் யார் உடம்பிலும் வைத்து யாரும் பார்த்ததில்லை.

துணியோடு யார் வந்தாலும் முதல் கேள்வி, "அளவு கொண்டாந்தீங்களா?" என்பதுதான். அளவு என்றால் போட்டுப் பழகிய பழைய ஜாக்கெட், பழைய சட்டை. அதைப் புதுத் துணிமேல் விரித்து வைத்து வெட்டுவார். "டேப்பு ஏமாத்திடும்ங்க. போட்டுப் பழகுன துணி ஏமாத்தாது" என்பார். ஒரு ஜெர்மன்காரர், போட்டிருப்பதைத் தவிர வேறு சட்டை இல்லை என்று கைஜாடை காட்டினார். அதையே கழற்றி வாங்கிக்கொண்டு விட்டார் சகாதேவன். மனிதர் அரை மணி நேரம் வெற்று மார்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரோட்டில் போனவர்கள் யாரோ புதுச் சாமியார் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷத்து மார்கழியில் இந்தச் சட்டம் ஒரு நாயிடம் போய் மாட்டிக்கொண்டது.

கடைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் மல்லிநாதன் சமணர், ஊர் வழக்கில் நயினார். வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுப்பவர். ஒரு வெள்ளைக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட, மீட்டர் பெட்டிக்குக் கீழே கட்டிக் கிடந்த நாயை, ரீடிங் எடுக்கப் போன இவர் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக்காரர் வைத்த பெயர் ப்ரூனோ. தெருவின் வாயில் அது புருனாவாகி, புரணமாகி, ஒரே மாதத்தில் பூரணம் என்று நிலைத்துவிட்டது. பழைய பெயரை எல்லோரும் மறந்தே போனார்கள்.

பூரணத்துக்கு இடுப்பில் கோளாறு. தொடை எலும்பு குழியில் சரியாகப் பொருந்தவில்லை, பிறவியிலேயே அப்படி என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இடுப்பில் குளிர் படக் கூடாது, அதற்காக எதையும் இறுக்கிக் கட்டவும் கூடாது என்றார். வெயில் காலத்தில் ரோட்டையே ஆண்ட நாய், மலைப் பக்கமிருந்து பனி இறங்கும் காலைகளில் முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்து இழுத்து முனகும். மல்லிநாதனின் மனைவி ஜெயந்திமாலா அதன் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். தினமும் அந்த முனகலைக் கேட்டுத்தான் அந்த வீடு விழித்தது.

பொழுது சாயும் முன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கையில் ஒரு கம்பளியோடு மல்லிநாதன் கடைக்கு வந்தார். "டெய்லரே, நம்ம பூரணத்துக்கு ஒரு கோட்டு தைக்கணும்."

"அளவு கொண்டாந்தீங்களா, நயினாரே?"

"நாயி இதுக்கு முன்னாடி இன்னாத்த போட்டுனு இருந்துச்சு, அளவுக்குக் கொண்டாற?"

சகாதேவன் அசரவில்லை. குளிருக்கு எதையாவது போர்த்துவீர்கள் அல்லவா, அதைக் கொண்டுவாருங்கள் போதும் என்றார். வந்து சேர்ந்தது ஒரு கோணிச் சாக்கு. அதையும் மரியாதையாக மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, கம்பளியை அதன் அளவுக்கு அச்சாக வெட்டித் தைத்துக் கொடுத்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. சாக்கு எப்படி நழுவி விழுந்ததோ, கோட்டும் அப்படியே நழுவி விழுந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு அவர் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போனார். நாய் என்றால் அவருக்குக் கொஞ்சம் உதறல்தான், தெருவில் பூரணத்தை நின்று பார்த்ததுகூட இல்லை. பூரணம் சுருண்டு படுத்திருந்தது. கழுத்தையும் முதுகையும் மட்டும் எட்டி நின்று அளந்துகொண்டார். வயிற்றை மனக்கணக்காகப் போட்டார். பச்சைக் குழந்தைச் சட்டைக்கு வைப்பதுபோலப் பக்கத்தில் நாடா வைத்தார். காலைத் தூக்கி மாட்ட வேண்டிய சிரமம் நாய்க்கு இல்லை. பெயர் பூரணமாயிற்றே, பெண் பிள்ளைக்கு வயிறு தெரியலாமா என்று அடிப்பாகத்தைப் பின்னங்கால் வரைக்கும் இழுத்து மூடினார். முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்த கை வேறு எப்படி வெட்டும்?

மறுநாள் காலை ஜெயந்திமாலா சொட்டச் சொட்ட அந்தக் கோட்டைக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டாள். ஈரத்தோடு கிடந்ததில் பூரணத்துக்கு இடுப்பு விறைத்து, துண்டு கொடுத்தும் நிற்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது. பனியில் நனைந்ததா, தண்ணீர் ஏதும் கொட்டிவிட்டதா என்று சகாதேவன் விசாரித்தார்.

"அண்ணே, பூரணம் ஆம்பள நாயிண்ணே."

உதட்டிலிருந்த குண்டூசி இரண்டும் கீழே விழுந்தன. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அழுதுகொண்டிருந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க மாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சகாதேவனுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. தன் கையால் ஒரு வாயில்லா ஜீவன் எழுந்திருக்க முடியாமல் போயிற்றே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பொங்கல் துணி மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. அத்தனையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, மல்லிநாதன் வீட்டுத் தரையில் போய் உட்கார்ந்தார். நாய் தானாக ஒருக்களித்துப் படுக்கும் வரை காத்திருந்து, நெஞ்சு, வயிறு, தொடை எல்லாவற்றையும் அளந்தார். நடுவில் அது அவர் காதை நக்கியதில் கணக்கெல்லாம் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து அளந்தார். இந்த முறை அடிப்பாகத்தை விலா எலும்போடு நிறுத்திக்கொண்டார். இடுப்புக்கு இரண்டு பக்கமும், எழுந்தால் விரிகிற மாதிரி மடிப்பு விட்டார். கம்பளி குத்தாமல் இருக்க, தன்னுடைய வேட்டி ஒன்றைக் கிழித்து உள்ளே கொடுத்தார்.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் நேராக அந்த வாசலுக்கு வந்து நின்றார். ராத்திரியெல்லாம் கோட்டோடு படுத்திருந்த பூரணம் கண் விழித்தது. முன்னங்காலை ஊன்றியது. ஜெயந்திமாலா துண்டை எடுக்கப் போனாள். மல்லிநாதன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நாய் ஒரு தடவை தடுமாறி, ஒரு மூச்சு இழுத்து, பின்பக்கத்தையும் தானே தூக்கி நின்றுவிட்டது. முனகவில்லை. சகாதேவனுக்குக் கண் தளும்பிவிட்டது, சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பூரணம் மூன்று பேரையும் தாண்டி, ஆடி அசைந்து ரோட்டோரத்துக் கரண்ட் கம்பத்துக்குப் போனது. மோந்து பார்த்தது. இரண்டு மாதமாகத் தூக்காத பின்னங்காலை மெல்ல ஒரு சாண் தூக்கியது. சகாதேவன் நடுரோட்டில் மண்டியிட்டு, அது முடிக்கும் வரை பொறுமையாக இருந்து, வயிற்றுக்கடியில் கை விட்டுக் கோட்டின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். பிறகு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, உலர்ந்த உள்ளங்கையை வாசலில் நின்றவர்களுக்கு விரித்துக் காட்டினார்.