கதவில் இருந்த பெயர்

மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது 'சர்நேம்' என்ற கட்டத்தில் அவள் அப்பா பெயரைப் போடச் சொன்னது நான்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். "குடும்பப் பேரு என்னா மேடம் போடட்டும்?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருபத்தெட்டு வருஷம் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து டி.சி. எழுதியவள் நான். இனிஷியல் என்றால் அப்பா, அவ்வளவுதான். "அப்பா பேரயே போடும்மா, எல்லாரும் அதத்தானே போடறாங்க" என்றேன். அந்த அப்பா வீட்டை விட்டுப் போய் அப்போது பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

'விட்டுப் போய்' என்று எழுதிவிட்டேன். விட்டுவிட்டுத்தான் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. "சிதம்பரத்துல ஒரு கல்யாணம், சாப்பாடு முடிஞ்சதும் கெளம்பி வந்துடறேன்" என்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். பெண்ணுக்கு எட்டு வயது. கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறார். ரசம் நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். அப்புறம் கீழவீதியில் நடந்து போனதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதோடு சரி. வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுஷன் எங்கேதான் போவான்?

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவேன். கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று ஒரு சுற்று. சாமி கும்பிட வந்திருக்கிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பின்னங்கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூன்று பேரைத் தோளைத் தொட்டுத் திருப்பி, அசிங்கப்பட்டு நின்றிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் முடிந்தபோது என் அண்ணன் வந்தார். "காணாமப் போயி பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சுன்னா காரியம் பண்ணிடலாம்மா. நீயும் நிம்மதியா இருப்பே" என்றார். "மொதல்ல வாயக் கழுவு" என்றேன். அவர் காபி குடிக்காமலே போய்விட்டார்.

மகள் படித்தாள், வேலை கிடைத்தது, ஸ்வீடனுக்குப் போனாள். அவள் பெயர் நீளம். அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையவில்லை. அப்பா பெயர் சின்னது. அதனால் ஆஸ்பத்திரியிலும் பார்சல் வாங்கும் கடையிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் இவளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. வாயால் நான் சொன்னதே இல்லை, எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கம் கிடையாது.

அங்கே வீட்டுக் கதவில் குடும்பப் பெயரைப் போடுவார்களாம். போன புதிதில் ஒரு போட்டோ அனுப்பினாள். பழுப்புக் கதவு, கடிதம் போட ஒரு துவாரம், அதற்கு மேலே அவர் பெயர் மட்டும் தனியாக. அந்தக் கதவைத் தட்டினால் அவர் பேப்பரை மடித்துக்கொண்டே வந்து திறப்பார் என்று தோன்றியது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயோ இருக்கிற மனுஷன் ஒரு நாள் மகளைத் தேடினால் பெயரை வைத்துத்தானே தேடுவார்? அவள் பெயர் மாறாமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூன்று வருஷம் கழித்து, அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னாள். சாதி, மதம், நிறம் ஒன்றும் நான் கேட்கவில்லை. "உன் பேர மாத்துவாங்களாடி?" என்றுதான் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாள்.

அடுத்த வருஷம் திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' போடவா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அவர்களையும் ஒரு பிடி பிடித்தேன். மாப்பிள்ளை பத்து நாள் முன்பே கடலூர் வந்து சேர்ந்தார். 'அத்தை' என்று கூப்பிட மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் நீட்டி 'ஆத்தே' என்பார், பாம்பைக் கண்டு அலறுகிற மாதிரி.

ஒரு மத்தியானம் வஞ்சிரம் வறுத்துப் போட்டுவிட்டு, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஆண்டர்சன் என்பது அவர் குடும்பப் பெயர். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஆண்டர்ஸோட மகன்னு அர்த்தமாம்மா. உங்க ஸ்கூல்ல பைபிள் வகுப்புல சொல்லுவாங்களே அந்திரேயா, மீன் புடிக்கிறவரு, அதே பேருதான்."

"அப்ப இவுங்கப்பா பேரு ஆண்டர்ஸா?"

"இல்ல. தாத்தா பேரும் இல்ல. முன்னெல்லாம் நம்ம இனிஷியல் மாதிரிதான் அங்கயும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அப்பா பேரு மாறிக்கிட்டே வரும். பொண்ணாயிருந்தா 'இன்னாரோட மக'ன்னு எழுதுவாங்க. நூறு வருஷத்துக்கும் முன்னாடி மாத்தறத நிறுத்திட்டாங்க. அப்ப யாரு பேரு இருந்துச்சோ அதுவே நின்னுபோச்சு. இப்ப பொண்ணுங்களும் 'ஆண்டர்ஸோட மகன்'தான்."

"கூத்துதான் போ. அந்த ஆண்டர்ஸ் யாராம்?"

மாப்பிள்ளை தோளைக் குலுக்கினார். அவர் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். பயிர் செய்தவராக இருக்கலாம். "குடிகாரனா இருந்திருக்கலாம், ஊரவிட்டு ஓடிப்போனவனா..." என்று சொல்லிக்கொண்டே வந்த மகள் அங்கே நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் சலித்துப்போயிருந்தது. ஸ்வீடனில் தடுக்கி விழுந்தால் ஆண்டர்சன் மேல்தான் விழ வேண்டுமாம். அவர் ஆபீஸிலேயே நான்கு பேர். இன்னொரு ஆண்டர்சனின் பல் டாக்டர் இவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். இந்தத் தொல்லைக்காகவே பலபேர் மலை, ஓடை, மரக்கிளை என்று இரண்டு வார்த்தைகளை ஒட்டிப் புதுப்பெயர் வைத்துக்கொண்டார்களாம். இவருக்கு அதுவும் வேண்டாம். அங்கே கல்யாணத்தைப் பதிகிறபோது கணவனும் மனைவியின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். "உங்க குடும்பப் பேரு ரொம்ப அழகா இருக்கு. ரொம்பப் பழைய பேரா இருக்கணும். எனக்குக் குடுப்பீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

மாமனார் காணாமல் போனது அவருக்குத் தெரியும். அந்த மாமனாரின் பெயர்தான் இது என்பதை மகள் சொல்லவில்லை. பரம்பரை பரம்பரையாக வருகிற பெயர் என்று நினைத்திருக்கிறார், பாவம். நானும் திருத்தவில்லை. "தாராளமா எடுத்துக்குங்க மாப்பிள்ளே!" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரில்தான் இருப்பார்கள், எந்தக் காலத்தில் தேடி வந்தாலும் கதவில் அது இருக்கும். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் சிதம்பரம் கோயிலில் பத்திரிகை வைத்துவிட்டு நானும் மகளும் கீழவீதிப் பக்கம் வெளியே வந்தோம். நல்ல வெயில். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் ஆண்டர்சன்னு மாத்திக்கப் போறேன். அவுருகிட்டயும் சொல்லிட்டேன், அவுரு பேரு அப்படியே இருக்கட்டும்னு."

நடுத்தெருவில் கத்தினேன். பூ விற்றுக்கொண்டிருந்தவள் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "யாருன்னே தெரியாத ஒருத்தன் பேரு, பெத்த அப்பன் பேரவிட ஒசத்தியா போச்சா ஒனக்கு?"

"யாருன்னு தெரியாததுதாம்மா எனக்கு வேணும். அந்த ஆளு எனக்கு ஒண்ணும் பண்ணல."

"ஒங்கப்பா தேடி வந்தா எப்படிடி கண்டுபுடிப்பாரு?" அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து ஒரு கடையோரம் நிழலில் நிறுத்தினாள். "நீ இந்தத் தெருவுல தேடற. நான் அங்க தேடறம்மா. ஆஸ்பத்திரில அப்பா பேரக் கூப்புடுவாங்க. என்னத்தான் கூப்புடறாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒடனே எந்திரிக்க மாட்டேன். வேற யாராச்சும் எந்திரிக்கறாங்களான்னு சுத்திப் பாப்பேன். நாலு வருஷமா, ஒவ்வொரு தடவையும். யாரும் எந்திரிக்கலம்மா. அப்புறம் நான் எந்திரிச்சுப் போவேன்."

தேடுகிறவள் நான் ஒருத்திதான் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, என் பாரத்தை அவள் தலையில் நானே தூக்கி வைத்திருக்கிறேன். "மாத்திக்கோ" என்றேன். "சும்மா ஏதோ ஒரு எழுத்த மிச்சம் வைக்காத. பூராவும் மாத்திக்கோ." அன்றைக்கு நான் நான்கு வீதியும் சுற்றவில்லை. இருவரும் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அங்கே போய்ப் பெயரை மாற்றிக்கொண்டாள். ஆண்டர்சன் என்று எழுதிய கதவின் போட்டோ வந்தது. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற நேரத்துக்குத் துணையாக என்னை வீடியோவில் கூப்பிட்டாள். எங்களுக்கு மத்தியானம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே நர்ஸ் வந்து "ஆண்டர்சன்" என்றாள். மூன்று பேர் எழுந்தார்கள். என் மகள், ஒரு குண்டுப் பெண், நரைத்த தலையோடு ஒரு பெரியவர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். காய்ச்சலிலும் என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நர்ஸ் தாளைப் பார்த்து அவளுடைய நீளப் பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்தாள். "இரும்மா, உள்ள போயிட்டுப் பேசறேன்" என்று போனைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. போனில் அவள் தோளுக்குப் பின்னால் அந்தக் கூடம் முழுக்கத் தெரிந்தது. நான் முதலில் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம், கதவு மூடுகிற வரைக்கும், மற்ற நாற்காலிகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.