நரிமேட்டின் வரலாற்றை எழுதியவர்

ஏகாம்பரம் சார் இறந்த செய்தியை வாலாஜாபாத் பஸ் நிலையத்தில்தான் கேட்டேன். பஸ் மேல் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“சார், ஹிஸ்டரி சாரு பூட்டாரு. காலையில நாஷ்டா துன்னுக்கினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்.”

“எப்போ எடுக்கறாங்க?” என்று கேட்டேன். வருத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உத்திரமேரூர் பஸ்தான் வந்தது.

இப்போது நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். பதினெட்டு வருடம் ஒரே அறையில் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்த ஓவிய ஆசிரியன் நான்தானாம். உண்மை. அதனால் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் இதைப் படித்துவிட்டு மலரில் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம்.

அவர் மூடராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். மூடர் இல்லை. எங்கள் தாலுகாவில் எந்த ஏரி யார் காலத்தில் வெட்டியது, எந்த ஊர் எந்த ஊரிலிருந்து பிரிந்தது என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. திருப்புலிவனத்துக் கோயில் வாசலில் நின்று அவர் பேச ஆரம்பித்தால் சுண்டல் விற்பவர்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார். அத்தனை அறிவும் கடைசியில் எதற்குப் பயன்பட்டது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நரிமேடு உங்களுக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் ஏறாத மேடு. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்லும் ஈச்சம்புதரும்தான். மாடு மேய்க்கப் போகிறவர்களைத் தவிர யாரும் அங்கே கால் வைத்ததில்லை. நெல் விளையும் பள்ளத்தில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத கூலிக் குடும்பங்கள்தான் அங்கே குடியேறி, வேரைத் தோண்டி, கல்லைப் பொறுக்கி, கேழ்வரகும் பிறகு கடலையும் போட்டன. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், இதன் வரலாற்றை எழுதப்போவதாகவும் நான் வரைபடம் போட வேண்டும் என்றும் சார் சொன்னார். இருவரும் சைக்கிளில் போனோம்.

அந்தக் கோடையில் அவர் வேறு மனிதர். நரிமேட்டுக் காலனியில் எல்லம்மாள் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் கொடுத்த கூழை நான் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். அவர் வாங்கி மடமடவென்று குடித்தார். எல்லம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தன் மாமனார் சின்னப்பன் நரிமேட்டில் முதல் கிணறு வெட்டிய கதையைச் சொன்னாள்.

“வெட்டி வெட்டி மூணு ஆளு ஆயம் போயிட்டாங்கோ. தண்ணி கண்ட அன்னிக்கே மண்ணு சரிஞ்சி மாமனார மூடிக்கிச்சி. ரெண்டு நாளு கயிச்சித்தான் பொணத்த வெளிய எடுத்தாங்கோ. அந்தத் தண்ணியத்தான் இன்னிக்கும் குடிக்கிறோம்.”

சார் அவள் சொன்னதைச் சொன்னபடியே நீள நோட்டில் எழுதிக்கொண்டார். காலனியைச் சுற்றியிருந்த ஒவ்வொரு துண்டு நிலத்தையும் யார் வெட்டித் திருத்தினார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டார். நான் அந்தப் பெயர்களைப் படத்தில் குறித்தேன்.

அடுத்த வருடம் நரிமேட்டுக்குக் கரண்ட் கம்பம் வந்தது. பம்புசெட் வைத்தால் மேட்டிலும் நெல் விளையும் என்றதும், அதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத மூன்று பெரிய குடும்பங்களுக்கு அது தங்கள் பாட்டன் சொத்து என்று நினைவு வந்தது. சாரும் அவர்கள் வீடுகளுக்குப் போய் வரத் தொடங்கினார். ஒரு நாள் என் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“இந்தப் பேரையெல்லாம் எடுத்துடுங்க சார்.”

“ஏன் சார், நீங்கதானே கேட்டு எழுதினீங்க?”

“மண்வெட்டி புடிச்சவன் பேரையெல்லாம் போட்டா புத்தகம் தாங்காது சார். நீங்க கோடு போடுங்க, பேரு நான் போட்டுக்கறேன்.”

நான் அழித்தேன். எனக்குப் பிள்ளை குட்டி இருந்தது, இடமாற்றத்துக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். அதெல்லாம் இல்லை, அவர் சொன்னார், அழித்தேன். புத்தகம் வந்தபோது சின்னப்பன் வெட்டிய கிணறு தர்மக் கிணறு ஆகியிருந்தது. பெரிய வீட்டார் ஏழைகளுக்காக வெட்டியதாம். காலனிக் குடும்பங்கள் அவர்கள் கருணையால் குடியமர்த்தப்பட்டவர்களாம். வெளியீட்டு விழாவில் சாருக்குப் பொன்னாடை போட்டு ‘வரலாற்றுச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். மறுநாள் அந்தப் பொன்னாடையோடு வகுப்புக்கு வந்தார். பங்குனி வெயிலில், வேர்த்துக்கொண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நிலம் யாருடையது என்று விசாரணை நடந்தது. பஞ்சாயத்து ஆபீசில் அதிகாரி முன் பெரிய வீட்டார் வைத்த முதல் ஆதாரமே அந்தப் புத்தகம்தான். சார் எழுந்து நின்று, தாம் நேரில் விசாரித்து எழுதியது என்று சொன்னார். கூட்டத்திலிருந்து எல்லம்மாள் முன்னால் வந்தாள்.

“சாரே, எங்க வூட்டாண்ட குந்திக்கினு எய்திக்கினீங்களே, அந்த நோட்டு இன்னா ஆச்சி?”

“அது செல்லரிச்சிப் போச்சும்மா” என்றார் சார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

நோட்டு ஆசிரியர் அறை அலமாரியில் இருப்பது எனக்குத் தெரியும். முந்தின வாரம்கூடப் பார்த்தேன். பொய் எழுதத் துணிந்தவருக்குத் தம் கையெழுத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. தம் எழுத்தின் மேல் அவ்வளவு ஆசை. எழுந்து வெளியே வந்தேன். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் எடுத்து வந்து அதிகாரியின் மேசைமேல் வைத்தேன். படத்தில் பெயர்களை அழித்தவன் நான்தான் என்றும் சொன்னேன்.

அதிகாரி நோட்டைப் பிரித்துச் சின்னப்பன் செத்த பக்கத்தை உரக்கப் படித்தார். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். கிணற்றைச் சுற்றிய நிலமும் வீட்டு மனைகளும் காலனிக்காரர்களுக்கு நின்றன. தென்புறம் முழுவதும் பெரிய வீடுகளுக்குப் போனது. அதைத் திருத்திய கூலிக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்று சார் அந்தக் கோடையிலேயே அங்கே போகாமல் விட்டிருந்தார். நோட்டில் இல்லாதவர்களுக்கு நிலமும் இல்லாமல் போயிற்று.

அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. “படம் போடறவருக்கு வரலாறு எதுக்கு சார்?” என்றார். பதில் சொல்லும் அளவுக்கு அவர்மேல் எனக்கு மரியாதை மிச்சமில்லை.

எடுக்கிற அன்று போனேன். பெரிய வீட்டிலிருந்து மாலை வந்திருந்தது, ஆள் வரவில்லை. எல்லம்மாள் வந்திருந்தாள். தெருமுனையில் வேப்ப மரத்தடியில் தனியாக நின்றாள்.

“நீ எதுக்கும்மா வந்தே?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“எங்க மாமனாரு பேரு எய்துன காயிதம் ஒலகத்துல அந்த நோட்டு ஒண்ணுதான் கீது சாரே. ஆபீசுல வாங்கி எம் பொண்ணு படிச்சிக் காட்டிச்சி. அத்த எய்துன கையி இது. அதான் ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

பாடை போன பிறகு அவள் நரிமேட்டுப் பக்கம் நடந்து போனாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு கோடையை மட்டும். கூலிக்காரி ஒருத்தி சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிய அந்தச் சில வாரங்களை. பொன்னாடை, பட்டம், புத்தகம் மூன்றையும் மலர்க்குழு வைத்துக்கொள்ளட்டும்.