ஈஸ்டர் முடிந்தும் அவிழ்க்காத துண்டு

பிள்ளைகளா, நீங்க ரெண்டு பேரும் இப்ப என்னைக் கேலி பண்ணிச் சிரிக்கிறீங்க. ஒரு காலத்துல அந்தத் தைரியம் உங்களுக்கு இல்ல. காரணம் நான்தான். அதை மறைக்காம எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

அப்போ பசுவந்தனை ரோட்டுல நம்ம மாவு மில்லு ஓடிக்கிட்டு இருந்தது. பெரியவ ஆறாங்கிளாஸ், சின்னவ ரெண்டாங்கிளாஸ். மோட்டார் ஓடுற இடத்துல எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லணும். கத்திக் கத்தி எனக்கு அதுவே குணமாப் போச்சு. மோட்டாரை நிப்பாட்டினாலும் தொண்டை நிக்காது. வீட்டுல நான் "தண்ணி கொண்டா"ன்னா பக்கத்து வீட்டுக்காரங்களும் செம்பைத் தூக்குவாங்க. வாசல்ல நான் செருப்பைக் கழத்துற சத்தம் கேட்டதும் சின்னவ பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல போய் நின்னுக்கிடுவா.

ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தவக்காலமான லெந்து வர்றதும் விளாத்திகுளம் பக்கம் மிளகா வத்தல் எடுக்குறதும் ஒரே சமயம். வருசத்துக்குத் தேவையான மிளகாப்பொடியை அப்பத்தான் எல்லாரும் அரைச்சு வைப்பாங்க. மில்லு வாசல்ல டின்னும் தூக்குவாளியுமா வரிசை நிக்கும். உள்ள நெடி, வெளிய தும்மல். மத்த மாசத்தை விட அப்ப எனக்கு ரெண்டு மடங்கு கோபம் வரும்.

அந்த வருசம் லெந்து தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு, வழக்கம்போல, "நாப்பது நாளும் கறி மீன் தொட மாட்டேன்"னு அறிவிச்சேன். உங்க அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னா: "கறிய விட்டா ஆட்டுக்குத்தான லாபம். இந்த வீட்டுல இருக்குதவங்களுக்கு என்ன லாபம்?"

பெரியவ புத்தகத்தை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டா. புத்தகம் குலுங்கிச்சு.

எனக்குச் சுருக்குன்னு இருந்தாலும் அதுல பொய் இல்லையே. மறுநாள் காலையில ஜெபம் முடிஞ்சதும், "சரி, இந்த லெந்துல யாரையும் சத்தம் போட மாட்டேன்"னு சொன்னேன். அம்மா "ஆமென்"னா. எனக்கு என்னவோ அது "பாப்போம்"னு கேட்டுச்சு.

சொல்லிட்டேன், எப்படிச் செய்யுறது? வத்தல் அரைக்கும்போது மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால கட்டிக்கிடுறது வழக்கம். நான் அதை அவுக்கிறதே இல்லன்னு வச்சுக்கிட்டேன். கோபம் வந்தா பின்னந்தலையில இருக்கிற முடிச்சை ஒரு இறுக்கு இறுக்கி, "ஆண்டவரே, என் வாயைப் பாத்துக்கிடும்"னு உள்ளுக்குள்ளயே சொல்லிக்கிடுவேன். முதல் வாரம் அண்ணாச்சிக்குப் பல்வலின்னு பேசிக்கிட்டாங்க. மூணாவது வாரத்துல விசயம் வெளிய வந்துட்டு. வரிசையில யாராவது இடிச்சா, "ஏட்டி, ஒழுங்கா நில்லு. அண்ணாச்சி முடிச்சை இறுக்குதாரு பாரு"ன்னு அவங்களே அதட்டிக்கிட்டாங்க.

அந்த நாள்ல ஒரு மத்தியானம் சின்னவ அம்மாகூட என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துட்டு வந்தா. வாசலோட நின்னா. ரெண்டு நாள் கழிச்சு உள்ள வந்தா. அப்புறம் அம்மா இல்லாமலே வந்து, தராசுப் பக்கத்துல கிடந்த சாக்குமூட்டை மேல ஏறி உக்காந்து காலை ஆட்ட ஆரம்பிச்சுட்டா. பள்ளிக்கூடத்துல யார் யாரைக் கிள்ளுனாங்கிறது வரைக்கும் என் காதுகிட்ட வந்து கத்துவா. நான் கத்தாத மில்லுல அவதான் கத்துனா. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது.

ஈஸ்டர் வந்தது. விடியக்காலை ஆராதனையில உபதேசியார், ஆண்டவர் உயிர்த்தெழுந்தப்ப அவர் தலையில சுத்தியிருந்த துணி கல்லறைக்குள்ள தனியா மடிச்சுக் கிடந்ததைச் சொன்னார். வீட்டுக்கு வந்து கோழிக்குழம்பு சாப்பிட்டேன். துண்டைத் துவைச்சுக் காயப்போட்டு, நானும் அழகா மடிச்சுப் பெட்டியில வச்சேன். நல்லபடியா முடிச்சுட்டேன்னு ஒரு நிறைவு.

மறுநாள் திங்கக்கிழமை. புதூர்ப் பக்கமிருந்து வந்து நம்ம ஊருல ஆடு மேய்ச்சுப் பிழைச்ச மதினி ஒருத்தங்க வத்தல் கொண்டு வந்தாங்க. சரியாக் காயாத வத்தல். கொட்டினதும் மில்லு அடைச்சு மோட்டார் முனகிச்சு. துண்டு வீட்டுப் பெட்டியிலயே கிடந்தது. நாப்பது நாள் உள்ள கிடந்ததெல்லாம் ஒண்ணா வெளிய வந்துட்டு.

"என்னம்மா இது, வத்தலா, ஊறப்போட்ட துணியா? கண்ணு இருக்கா, அதையும் ஆட்டுக்குப் போட்டுட்டீங்களா?" இன்னும் சொன்னேன். அது எழுதுற மாதிரி இல்ல.

திரும்பினா, வாசல்ல சின்னவ. கையில தூக்கு. அதை நிலைப்படியில சத்தமில்லாம வச்சா. போய்ட்டா.

மதினி கோவிக்கல. டின்னை எடுத்துக்கிட்டே கேட்டாங்க: "எங்க வீட்டுக்காரரும் மாலை போட்டா சாமி, மாலையைக் கழத்துனா பழைய ஆசாமி. உங்க சாமிக்கும் அதே கணக்குத்தானா, அண்ணாச்சி?"

வரிசை முழுக்கச் சிரிச்சது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரல. சாயங்காலம் செருப்பைக் கழத்தினேன், பீரோ பக்கத்துல பாவாடை நுனி மட்டும் தெரிஞ்சது. மறுநாள் தூக்கை அம்மா கொண்டு வந்தா. சாக்குமூட்டை சும்மா கிடந்தது. நாப்பது நாளா கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல வந்த பிள்ளையை ஒரே கத்தல்ல துரத்திட்டேன்.

அன்னைக்கு மோட்டார் சுவிட்சுல கையை வச்சப்ப உபதேசியார் சொன்னது ஞாபகம் வந்தது. ஆண்டவர் துணியை மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சார். நான் துணியை மடிச்சு வச்சுட்டுப் படுத்துட்டேன். புதன்கிழமை பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துத் திரும்பக் கட்டினேன்.

அன்னைக்கு அரைக்க வந்தது பச்சரிசி. "அண்ணாச்சி, பச்சரிசிக்குமா நெடி? அதான் ஈஸ்டர் போயிட்டுல்லா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க.

"உங்களுக்குப் போயிட்டு. எனக்கு இன்னும் வந்தே சேரல"ன்னேன்.

ஆட்டுக்கார மதினி வத்தலை நல்லாக் காயவச்சுத் திரும்பக் கொண்டு வந்தாங்க. மோட்டாரை நிப்பாட்டிட்டு, வரிசையில எல்லாருக்கும் கேக்கும்படி, "அன்னைக்கு நான் பேசினது தப்பு, மதினி. மன்னிச்சுக்கிடுங்க"ன்னு சொன்னேன்.

"இதுக்குப் போயி மோட்டாரை நிப்பாட்டுவாகளா? சும்மா அரைங்க அண்ணாச்சி, ஆடு நிக்கிது"ன்னாங்க. ஆனா முகம் மலர்ந்துட்டு.

சின்னவ உடனே வரல. பரீட்சை முடிஞ்சு லீவும் விட்டாச்சு. ஒருநாள் தூக்கை நிலைப்படியில வச்சுட்டு ஓடிட்டா. இன்னொரு நாள் வச்சுட்டு நின்னா. நான் கூப்பிடல, கூப்பிட்டா போயிருவாளோன்னு பயம். மே மாசத்துல ஒரு மத்தியானம், தானா வந்து மூட்டையில ஏறி உக்காந்தா. கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மூட்டை மேல எந்திரிச்சு நின்னு, என் பின்னந்தலையில முடிச்சைப் பிடிச்சு இழுத்தா.

"எதுக்குட்டி?"

"மூஞ்சியே தெரியலப்பா. சிரிக்கிறீங்களா, கோவமா இருக்கீங்களான்னு எப்படிப் பாக்க?"

துண்டு அவ கையோட வந்துட்டு. அந்த நேரம் பார்த்து மோட்டார் பெல்ட் கழண்டு, தட்டுல இருந்த மாவு பூரா எங்க ரெண்டு பேரு மேலயும் வந்து கொட்டிச்சு. அவ மூச்சை அடக்கிக்கிட்டு என் வாயையே பாத்தா. ஆண்டவரேன்னு வாயைத் திறந்தேன். பெரிய தும்மல்தான் வந்தது.

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. நான், "சரி, பெல்ட்டை மாட்டுவோம், நீ அந்தப் பக்கம் பிடி"ன்னேன். மாவு ஒட்டின கையோட இறங்கி வந்து பிடிச்சா.