பத்திரிகை வாசித்த குரல்

என் கணவர் மலாயாவில் உயிரோடிருக்கிறார் என்றே வீட்டார் நம்பினார்கள். ஜப்பானியர் அந்நாட்டைப் பிடித்தபின் அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. ஆயினும் பருத்தித்துறை வீட்டில் மாமி தம் மகனின் குரலை நாள்தோறும் கேட்டுவந்தார். அதற்குக் காரணம் நான்.

மலாயாவில் அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், சீனமொழியில் மேற்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைச் செய்தியொன்றை உரத்து வாசித்து, அதைப்பற்றிய தம் கருத்தைச் சீனத்திலேயே எழுதவேண்டும். அபின் கடைகளை மூடலாமா, மகளின் சம்மதமின்றி மணம் பேசலாமா, சிறுவயதிலே பாதம் கட்டப்பட்ட பெண்களுக்கு யார் பதில் சொல்வது. சீன ஆசிரியரொருவர் வீட்டுக்கு வந்து கற்பிக்கையில் எதிரில் அமர்ந்து நானும் படித்தேன். பிள்ளைப்பேற்றுக்காக நான் ஊருக்கு வந்தபோது அந்தப் பத்திரிகைகளில் சிலவும் என் பெட்டியில் வந்தன.

மதியத்தில் மகளைக் கிடத்திவிட்டு அவற்றை வாசிப்பேன். ஏறியிறங்கும் அந்த ஓசையை அவரிடமே பழகியிருந்தேன். அவர் மூச்சுவிடும் இடத்தில்தான் எனக்கும் மூச்சு வரும். விடுமுறையில் வந்த நாட்களில் அவர் அப்படி வாசித்ததை மாமி கேட்டிருந்தார்.

“மச்சாள், நீங்கள் சீனத்தியாகவே மாறப்போறியள்,” என்று கணவரின் தங்கை சிரிப்பாள்.

“வாயை மூடடி. உன்ரை அண்ணை கதைக்கிறான்,” என்பார் மாமி.

தாய்மனம் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் அபின் பற்றிய செய்தியின் நடுவே நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். கதவுக்கு வெளியே நின்ற மாமி, “ஏன் ராசா நிப்பாட்டிப்போட்டாய்? வாசி,” என்றார். என் தொண்டை எனக்கே அந்நியமாயிற்று. தகப்பனைக் கண்டிராத குழந்தை, எனக்கருகே பாயின் வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் தொடர்ந்து வாசித்தேன்.

போர் முடிந்து தபால் மீண்டும் ஓடத் தொடங்கியதும் ஓர் உறை வந்தது. முகவரி ஆங்கிலத்தில், உள்ளே முழுவதும் சீனம். எழுதியவர் எங்களுக்குச் சீனம் கற்பித்த அந்த ஆசிரியர். நின்றபடியே படித்தேன். வீட்டில் சீனப் பத்திரிகைகள் இருந்த குற்றத்துக்காக ஜப்பானியர் என் கணவரைக் கொண்டுபோனார்கள். புதைத்த இடத்தை ஆசிரியர் பின்னர் கண்டிருக்கிறார்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் மாமி.

அதை வாசிக்கத் தெரிந்தவள் அவ்வீட்டில் நான் ஒருத்தியே. சுகமாயிருக்கிறாராம் என்று நான் சொன்னால் மறுக்க ஆளில்லை. உண்மையைச் சொன்னால் மாமியிடமிருந்து மகனைப் பறிப்பவள் நானாவேன். வாய் திறந்தும் தமிழ் வரவில்லை. கடிதத்தை முதலிலிருந்து முடிவுவரை சீனத்திலேயே வாசித்தேன். மாமி வழக்கம்போலத் தலை சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“இண்டைக்கு அவன்ரை குரல் இல்லை. உன்ரை குரல்தான் கேக்குது,” என்றார். “அவன் இல்லை, என்ன பிள்ளை?”

“ஓம் மாமி.”

இறந்த நாள் தெரியாததால் கடிதம் வந்த நாளையே திதியாகக் கொண்டோம். அடுத்த ஆண்டு மாமியும் போனார். கணவரின் தங்கை மணமாகி அரியாலைக்குச் சென்றாள். வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம்.