பாய்க்கு வெளியே ஒருவன்

எங்கள் சிறுவர் இல்லத்தில் ஃபுவாதினோவுக்கு வேலை, குற்றம் செய்துவிட்டு வந்த பிள்ளைகளோடு பேசுவது. பேசுவதற்கா சம்பளம் என்று நான் அவளைச் சீண்டாத நாளில்லை. இல்லத்து வண்டியோட்டியான எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, இன்னைக்கும் வாய்ப்பந்தல்தானா?"

"ஆமா, நிழலாவது கிடைக்குதுல்ல. நீ போய் டயரைப் பாரு."

வீட்டில் அவள் வாயே திறப்பதில்லை, பேச்செல்லாம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது என்று அவள் புருஷன் புலம்புவான்.

பெலெனாத்தோ வந்தபிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. பதினாறு வயசுப் பையன். ரக்பி ஆட்டம் முடிந்து நடந்த சண்டையில் அவன் எறிந்த கல், பக்கத்து ஊர்ப் பையனைக் கொன்றுவிட்டது. வந்த நாளிலிருந்து இவன் பேசவில்லை, சேப்பங்கிழங்கில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. இப்படியே விட்டால் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபுவாதினோ அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கிடந்தாள். கடைசியில் வாய் திறந்தான்.

"எங்கப்பா பாய்க்குள்ள போவாரு. அவரை வெட்டிடுவாங்க."

எங்கள் சமோவாவில் அதுதான் வழக்கம். கொன்றவன் வீட்டுப் பெரியவர் விடியுமுன் செத்தவன் வீட்டு வாசலுக்குப் போய், குடும்பத்தின் நல்ல பாயைத் தலையோடு போர்த்தி மண்டியிடுவார். அவர்கள் பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் கத்தியும் வரலாம்.

"அப்பா உயிரோட எழுந்திரிக்கிறதை அவன் கண்ணால பார்க்கணும். பார்த்தா சாப்பிடுவான்" என்று மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, அப்பா பாய்க்குள் போகும் நாளில் அவனைக் கூட்டிப்போக அனுமதி வாங்கினாள்.

வண்டியைச் செத்தவன் வீட்டு வேலியோரம் நிறுத்தினேன். வாசலில் அவன் அப்பாவை மூடிய பாய் அசையாமல் கிடந்தது. வெயில் ஏறியது. செத்தவனின் அண்ணன் வெட்டுக்கத்தியோடு வந்து பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பையன் வண்டிக் கதவைப் பிடித்தான். ஃபுவாதினோ அவன் கைகளை இறுக்கிக்கொண்டாள்.

"மூச்சு விடுடா. என்னோட சேர்ந்து விடு."

அப்போது செத்தவனின் தாய் லோசா வெளியே வந்தாள். மூத்த மகனைத் தள்ளிவிட்டுப் பாயை இழுத்துப் போட்டாள். அப்பா மெல்ல நிமிர்ந்தார். சுற்றி நின்ற கூட்டமே ஓவென்று அழுதது.

"பார்த்தியாடா?" என்று ஃபுவாதினோ சிரித்தாள்.

"அப்பாவைத்தானே மன்னிச்சாங்க. கல்லை எறிஞ்சது அவரா?"

அவள் முகம் செத்துவிட்டது. பெரியவர் மண்டியிட்டால் வீட்டுக்கே மன்னிப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவளும் அதையே நம்பிவிட்டாள்.

பையன் அவள் கையை உதறிக்கொண்டு இறங்கி ஓடினான். அந்த வாசலில் விழுந்து, சட்டையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அண்ணன்காரன் கத்தியோடு திரும்பினான். ஃபுவாதினோ ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் மண்டியிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அதற்குமுன் நான் சீண்டியதற்கெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

லோசா அருகில் வந்தாள். அந்தச் சட்டையை நோக்கிக் கை நீட்டினாள். கை பாதியிலேயே நின்றது.

"முடியலடா. இன்னைக்கு என்னால முடியல."

சட்டைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. அவன் அழுது நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

லோசா குனிந்தாள்.

"சாப்பிட மாட்டேங்கிறியாமே, ஊரே பேசுது. சாப்பிடுடா. நீயும் போயிட்டா, அப்புறம் நான் யாரை மன்னிக்கிறது?"